இரண்டு டப்பா உப்பு

நூற்றெண்பது கெண்டைக் குஞ்சுகளையும் கொன்றது நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கு கொடுப்பதாக இல்லை. நாலரை வருடத்தில் நான் முழுதாகச் செய்து முடித்த ஒரே வேலை அது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே தொட்டிக்கு விடக் கூடாது. அதிலிருக்கும் குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். அதை முறிக்க தயோசல்பேட் போட வேண்டும். அந்தப் பெயர் வாயில் நுழையாமல் எல்லோரும் அதை 'உப்பு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். டப்பாவின் மேல் 'உப்பு' என்று எழுதி ஒட்டியவன் நான். பக்கத்திலேயே, நோய்ப்பட்ட மீனைக் குளிப்பாட்டுகிற நிஜ உப்பு. அந்த டப்பாவின் மேலும் 'உப்பு'. எழுதியது அதே புண்ணியவான்.

காலையில் பன்னிரண்டு தொட்டிக்கும் தண்ணீர் மாற்றினேன். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"டாக்டரே, உப்பு போட்டாச்சா?"

போட்டாச்சு என்றேன். பொய்யில்லை.

சற்று நேரத்தில் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பதினொரு மணிக்கெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அறுபது நாள் தீவனச் சோதனையில் அது ஐம்பத்திரண்டாம் நாள். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. பசித்தது.

அண்ணன் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "கரிக்குதே," என்றார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள், இதுகள் எங்கே போய்க் குடிக்கும் என்று முனகிக்கொண்டே வலையை எடுக்கப் போனார்.

டாக்டர் பட்டத்தை வீட்டில் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். அம்மா சொல்லி வைத்ததில் பக்கத்து வீட்டுப் பெரியவர் முழங்காலைக் காட்ட வந்தார்; நானும் பார்த்தேன், வீக்கம்தான். பல்கலைக்கழகம் மட்டும்தான் பாக்கி. அங்கே ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடைத்தால் சோதனையை முதலிலிருந்து செய்யலாம். இல்லையென்றால் நாலரை வருடமும் இந்தத் தண்ணீரோடு சாக்கடைக்கு.

கையெழுத்துப் போட வேண்டியவர் என் வழிகாட்டிப் பேராசிரியை. எதைக் கேட்டாலும் 'பார்ப்போம்' என்பார். அப்படிச் சொன்ன எதையும் அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

வந்தார். திட்டவில்லை. செத்ததையும் எடை போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்லி, நோட்டை விரித்து எதிரே உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றாகத் துடைத்துத் தராசில் வைத்தேன், அவர் எழுதினார். ஒன்பது கிராம். ஒன்பதரை. நன்றாகத்தான் வளர்ந்திருந்தன. ஏழாம் தொட்டியில் வால் கிழிந்தது ஒன்று, தீவனம் போடும்போது முதலில் ஓடி வரும். அதை இரண்டு முறை துடைத்துவிட்டேன். அவர் பேனாவோடு காத்திருந்தார்.

கடைசிக் குஞ்சையும் வாளியில் போட்ட பிறகு கேட்டேன்.

"மேடம், மூணாவது நீட்டிப்பு... கிடைக்குமா?"

பேனாவை மூடினார். வரப்போகும் 'பார்ப்போமு'க்கு நான் முன்கூட்டியே தலையை ஆட்டிவிட்டேன்.

"கிடைக்காதுப்பா. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."