ஜன்னல் வளைவு

"காலைப் பாத்து வைங்கய்யா! தண்டவாளத்தை மிதிச்சிடப் போறீங்க!" என்று கத்தினார் கொத்தனார்.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்த இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கூடத்தின் தரை முழுக்க பிளாஸ்டிக் தண்டவாளம் ஓடியது. சுவரை ஒட்டிப் போய், ஜன்னலுக்குக் கீழே வளைந்து, அலமாரி முன்னால் திரும்பி, மறுபடி வாசலுக்கு வந்து சேர்ந்தது. நடுவில் வெறும் கட்டில் கிடந்தது.

"ஏண்ணே, செத்தவனைப் படுக்கவைக்கணுமா, பொம்மையைக் காப்பாத்தணுமா?" தங்கச்சி சமையலறையிலிருந்து வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "எல்லாத்தையும் ஒரு சாக்குல அள்ளிப் போடு. நாலு பேர் வந்தா எங்க உக்காருவாங்க?"

"நிக்கட்டும். பாதையைக் கலைச்சிடாதண்ணேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். கை வெச்சே, அவ்வளவுதான்."

"இத்தனை வருஷமா இதைத் திட்டினது நீதானே?"

"இப்பவும் திட்டுவேன். நீ கை வைக்காத."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு காலை உயரத் தூக்கி, தண்டவாளத்தைத் தாண்டி, தம்பியைக் கட்டிலில் கிடத்தினார்கள். கொத்தனார் போர்வையை இழுத்து விட்டார். தாடையில் நரைமுடி குத்திக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சவரம் செய்து விடுகிறோம் என்றார்கள். செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்காரன் சொல்லும் எதையும் கொத்தனார் நம்பியதில்லை.

தம்பி பஸ் கண்டக்டராக இருந்தவன். இரண்டு பேருக்கும் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒரே வீட்டில் இருந்தார்கள். ஓய்வு பெற்ற வருஷம் தங்கச்சி பேரனுக்கு ஒரு ரயில் பெட்டி வாங்கினான், பிளாஸ்டிக் பொம்மைக் கல்லை ஒன்றோடொன்று மாட்டிச் செய்கிற மாதிரி. பேரன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பிதான் மாட்டிக்கொண்டான். வாங்கினதை அப்படியே வைத்திருக்கவும் அவனுக்குத் தெரியாது. பெட்டியைப் பிரித்து அகலமாக்கினான், கூரையை மாற்றினான், உள்ளே சீட் வைத்தான். ஒவ்வொரு பெட்டியின் கக்கூசுக்குள்ளும் ஒரு பொம்மை ஆளை ஒளித்துவைத்தான்.

"இவன் யாருடா?"

"டிக்கெட் எடுக்காதவன்ணே. எல்லா வண்டியிலயும் ஒருத்தன் இருப்பான்."

கொத்தனாருக்கு இந்தக் கல்லே பிடிக்கவில்லை. "சாந்து இல்லாம ஒரு கட்டடமா? கடன்காரன் பேச்சு மாதிரி, தொட்டா உதிருது" என்பார்.

"நீ கட்டினதை மாத்தணும்னா உடைக்கணும். நான் கட்டினதைக் கழட்டினாப் போதும்" என்பான் தம்பி.

ஒன்றை மட்டும் அவர் கவனித்திருந்தார். தம்பி கல் அடுக்கும்போது ஒரு மூட்டுக்கு மேல் இன்னொரு மூட்டு வராது. கீழ்க் கல்லின் நடுவில்தான் மேல் கல் முடியும். சுவர் கட்டுகிறவன் அப்படித்தான் கட்ட வேண்டும். யாரைப் பார்த்துப் பழகினான் என்று அவர் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

கடைசியாக அவன் கட்டியது கறுப்பு எஞ்சின். முழங்கை நீளம். அது ஜன்னல் வளைவில் நின்று நின்று போனது. பிரித்தான், கட்டினான், மறுபடி பிரித்தான். "இந்த வளைவுல இது திரும்பிடுச்சுன்னா போதும்ணே" என்றான். அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று.

அவன் இல்லாத வீட்டைக் கூட்டும்போது கொத்தனார் எஞ்சினைத் தூக்கினார். அடியில் சக்கரக் கட்டை இரண்டும் லொடலொடவென்று ஆடின. ஆடுகிற எதையும் அவர் வாழ்நாளில் விட்டுவைத்ததில்லை. இதனால்தான் நிற்கிறது என்று முடிவுகட்டி, கடைக்குப் போய்ப் பசை வாங்கி வந்தார். ஆடின இடமெல்லாம் ஊற்றினார். காய்ந்ததும் தட்டிப் பார்த்தார். கல்லு மாதிரி நின்றது.

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் தம்பியின் காதருகே குனிந்து, "எஞ்சினைச் சரி பண்ணிட்டேன்டா" என்றார்.

"ஓடுச்சா?"

"நீ வந்து ஓட்டு."

தம்பி சிரித்தான். அப்படி அவன் சிரித்துப் பல நாளாயிற்று.

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உடல் வருவதற்குள் கொத்தனார் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து விசையைத் தட்டினார். நேராக நன்றாக ஓடியது. வளைவில் முட்டிக்கொண்டு நின்றது. சக்கரக் கட்டை திரும்பவே இல்லை. தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எஞ்சினை எடுத்து அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

பத்து மணி வாக்கில், தம்பியைப் போலவே பொம்மை ரயில் கட்டுகிற அவன் கூட்டாளிகள் வந்தார்கள். ஒருவர் சலூன்காரர். இன்னொருவர் ஒரு அம்மா, ரத்தம் சோதிக்கிற லேபில் வேலை. ஆளுக்கொரு அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள். அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் கொத்தனாருக்குச் சுருக்கென்றது.

"அள்ளிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்லீங்க. கொண்டாந்திருக்கோம்" என்றார் லேப் அம்மா. பெட்டியைத் திறந்து ஒரு பச்சை ரயில் பெட்டியை எடுத்தார். "எங்கள்ல யாராவது போயிட்டா, அவங்க எஞ்சினுக்குப் பின்னாடி எங்க பெட்டியைக் கோத்து ஒரு சுத்து விடுவோம். அவ்வளவுதான்."

சலூன்காரர் பையிலிருந்து கத்தியும் நுரைக் கிண்ணமும் எடுத்துக் கட்டிலருகே உட்கார்ந்து, தம்பியின் தாடையை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினார். தங்கச்சி சத்தமில்லாமல் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

"கறுப்பு எஞ்சின் எங்கங்க?" லேப் அம்மா தேடினார். "நேத்து ராத்திரி போன் பண்ணினார். எங்கண்ணன் சரி பண்ணிட்டாராம்னு அவ்வளவு பெருமை. நானே முடிச்சிருந்தாகூட இவ்வளவு சந்தோஷம் இருக்காதுன்னார்."

கொத்தனார் சுவரைப் பார்த்தார். பிறகு அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு எஞ்சினை எடுத்து நீட்டினார்.

லேப் அம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். சக்கரக் கட்டையை விரலால் நெம்பினார். முகர்ந்தார். சலூன்காரர் கத்தியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஆடிச்சு. ஒட்டினேன்" என்றார் கொத்தனார்.

"அது ஆடணும்ங்க. ஆடினாத்தான் வளைவுல திரும்பும்."

"இப்ப தெரியுது. அவன்கிட்ட சரியாயிடுச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேனே."

"அட என் அண்ணே!" தங்கச்சி தலையில் கைவைத்தாள். "நீ கைவெச்சா எதுதான் அசையும்? எங்க வீட்டு அம்மிக்கல்லையே தரையோட சேத்துப் பூசினவனாச்சே!"

சலூன்காரர் சிரித்துவிட்டார். கொத்தனார் சிரிக்கவில்லை. எஞ்சினை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். லேப் அம்மா கொடுக்கவில்லை.

"பழுதான எஞ்சினை என்ன பண்ணுவாங்க? வேற வண்டியில ஏத்தித்தான் கொண்டுபோவாங்க. இதையும் ஏத்துவோம். வளைவு தாண்டணும், அவ்வளவுதானே?"

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தன் பச்சைப் பெட்டியின் கூரையையும் சுவரையும் கழற்றினார். சலூன்காரர் தன்னுடையதை நகர்த்திக் கொடுத்தார். அதையும் கழற்றினார். இரண்டும் வெறும் பலகை வண்டிகளாயின. ஒவ்வொன்றின் நடுவிலும் சுழலுகிற ஒரு கல்லை மாட்டினார்.

"இது ரெண்டு மேலயும் சேத்து ஒரு மேடை கட்டணும். நீங்க கட்டுங்க" என்று ஒரு பிடி கல்லைக் கொத்தனார் பக்கம் தள்ளினார். "பசை கிடையாது."

கொத்தனார் தம்பியின் கட்டிலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். அந்த விரல்களுக்குக் கல் ரொம்பச் சின்னது. இரண்டு தடவை நழுவியது. ஒன்றை வைத்தார், அடுத்ததை வைத்தார், மேல் வரிசையைப் பாதிக் கல் தள்ளி ஆரம்பித்தார். லேப் அம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. உங்க தம்பி கை மாதிரியே இருக்கு."

கொத்தனார் குனிந்தபடியே அடுத்த கல்லைத் தேடினார். கொஞ்ச நேரம் எடுத்தது.

கறுப்பு எஞ்சினை மேடையில் தூக்கி வைத்தார்கள். தம்பி முதன்முதலாகக் கட்டிய சின்னச் சிவப்பு எஞ்சின் முன்னால் நின்றது. பின்னால் அவன் பெட்டிகள், கக்கூசில் ஒளிந்த ஆட்களோடு. வெளியே, சுடுகாட்டுக்கு எடுத்துப் போக வந்த வண்டிக்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

"இருக்கச் சொல்லு" என்றார் கொத்தனார் தங்கச்சியிடம்.

விசையை அவரே தட்டினார். ரயில் கட்டிலின் கால்மாட்டைத் தாண்டியது, சுவரை ஒட்டிப் போனது, ஜன்னலடிக்கு வந்தது. மேடைக்கு அடியில் முன் பலகை வண்டி திரும்பியது. மேலே கறுப்பு எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து ஆடத் தொடங்கியது.

அவருடைய கை தானாகப் பிடிக்கப் போனது. பாதியில் நின்றது. விரல்களை மடக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டு, அது ஆடிக்கொண்டே போவதைப் பார்த்தார்.