வாசப்படிக்கு உள்ளே

"டமால்!"

வாசலை மறித்துப் போட்டிருந்த மேஜைமேல் நீல நிற சூட்கேஸ் ஒன்று வந்து விழுந்தது. மோர் டம்ளர்கள் உருண்டு கிரிவலப் பாதைக்கே ஓடின. நடந்துகொண்டிருந்த கூட்டம் ஒரு நிமிஷம் தயங்கி, வழிவிட்டு, மறுபடி நடந்தது.

"இன்னா மனுசன்யா நீ? மூட்டயப் போட வேற எடம் கெடைக்கலியா?" என்று சீறிக்கொண்டே நிமிர்ந்த ரேணுகாம்பாள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேர்வையில் தொப்பலாக நனைந்து நின்றவன் அவள் புருஷன் இருசப்பன். மஸ்கட்டில் கம்பி கட்டிக்கொண்டிருக்க வேண்டியவன். கடிதம் இல்லை, தந்தி இல்லை. சித்ரா பௌர்ணமிக்காக வண்டிகளை எல்லாம் டவுனிலேயே நிறுத்திவிட்டதால், தன் ஊரான அடி அண்ணாமலை வரைக்கும் சூட்கேசைத் தலையில் சுமந்தே வந்திருந்தான்.

மேஜைக்கு அந்தப் பக்கம், வாசப்படிக்கு உள்ளே, தாவணி போட்ட ஒரு பெண் குனிந்து பானையிலிருந்து மோர் மொண்டுகொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"எத்தினி டம்ளருங்க?"

முகம் இருசப்பனுக்குப் புதிதாக இருந்தது. குரல் பழகிய குரல்.

மகள் பொன்னிக்கு ஆறு வயதிருக்கும்போது விட்டுவிட்டுப் போனவன். எட்டு வருஷத்தில் இரண்டே லீவு. கடைசியாக வந்துபோய் இரண்டரை வருஷம். மற்றபடி அவன் மகள் வளர்ந்ததெல்லாம் கேசட்டில்தான். மாசத்துக்கு ஒன்று, ஊருக்கு வந்து திரும்புகிற யார் கையிலாவது வரும். முன்பல் விழுந்து காற்று கலந்து பேசிய குரல், எழுத்துக்கூட்டித் திணறிய குரல், பிறகு தண்ணீர் மாதிரி கடகடவென்று வாசித்த குரல். எல்லா கேசட்டிலும் கடைசியில் அவள் ஒரு பாடம் வாசிக்க வேண்டும். அது அப்பனின் உத்தரவு. மஸ்கட் கேம்ப்பில் அவன் அறையில் இருக்கும் எட்டுப் பேரும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து கேட்பார்கள்.

போன மாசம் வந்த கேசட்டில் மண்புழு பாடம்.

"இன்னா இருசப்பா, உம் பொண்ணு மண்புழுவ உடவே மாட்டா போலிருக்குதே!" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். செங்கத்துக்காரர் தருமன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஊரில் டியூஷன் எடுத்தவர்.

"போன வருஷம் எட்டாவது படிக்கச்சொல்லோ இதே பாடத்தத்தான் வாசிச்சா. இப்ப ஒம்போதாவதுன்னு சொல்றே. அதே பாடம் எப்படிப்பா வரும்?"

அன்றிலிருந்து இருசப்பனுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. பழைய கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தான். தருமன் சொன்னது சரி. ஒரு வருஷமாக எட்டாம் வகுப்புப் பாடங்களேதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. கடிதம் போட்டுக் கேட்டால் கடிதத்தில் பொய் வரும். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்லிப் பத்து நாள் லீவு வாங்கி விமானம் ஏறிவிட்டான்.

"அப்பா!" என்றாள் பொன்னி. மேஜையைச் சுற்றிக்கொண்டு வரப் போனவள், வாசப்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். "வாங்க. உள்ள வாங்கப்பா."

போன தடவை 'வாப்பா' என்று கழுத்தைக் கட்டிக்கொண்டவள்.

உள்ளே போனதும் ரேணுகாம்பாள் சொம்பில் தண்ணீர் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"பொன்னி இன்னா படிக்கிறா?"

"மொதல்ல தண்ணியக் குடிங்க. இந்த வெயில்ல நடந்து வந்து..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி. எத்தினாவது படிக்கிறா?"

ரேணுகாம்பாள் சொம்பின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டாவது முடிச்சா. அதோட நின்னுட்டா."

"நின்னுட்டாளா, நிறுத்திட்டீங்களா?"

அதற்குள் சேதி எட்டி, பக்கத்து வீட்டிலிருந்து அண்ணன் ஆதிமூலம் துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார். தம்பி இல்லாத வீட்டுக்கு எட்டு வருஷமாக அவர்தான் பெரிய ஆம்பளை.

"டேய் இருசா! ஒரு தந்தி குடுக்கக் கூடாதா? இன்னாடா இளைச்சிப் போயிட்ட?"

"அண்ணா, நான் அங்க வெயில்ல சாவறது எதுக்கு? இவ படிக்கணும்னுதானே? என்னக் கேக்காம எப்படி நீ ஸ்கூல நிறுத்தலாம்?"

ஆதிமூலத்துக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இருசப்பனை இன்னும் எரிச்சல்படுத்தியது.

"பொண்ணு வயசுக்கு வந்துட்டா. அப்பன் ஊர்ல இல்ல. டவுனுக்கு பஸ்ல போயி பஸ்ல வரணும். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு தலையில விடியும்? இந்தப் பாதையப் பாரு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கெங்க இருந்தோ ஜனம். வெளியாளுங்க ஜாஸ்தி ஆயிட்டாங்கடா."

"அந்த வெளியாளுக்கெல்லாம் காலையில இருந்து இவதானே மோர் ஊத்திக் குடுக்கறா?"

"அது வாசப்படிக்கு உள்ள" என்றார் ஆதிமூலம்.

கேலியாகச் சொல்லவில்லை. சட்டம் தெரிந்தவர் சொல்கிற மாதிரி சொன்னார்.

"எவன் போட்ட ரூலு அது?" இருசப்பன் கத்தியதில் மோருக்கு நின்றிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "எம் பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொல்ல எவனுக்கு அதிகாரம்? எவன்னு காட்டு. இப்பவே தெரிஞ்சாவணும்!"

ரேணுகாம்பாள் அழ ஆரம்பித்தாள். ஆதிமூலம் தம்பியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பொன்னி வாசப்படியிலிருந்து உள்ளே வந்தாள். அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து, அவன் முதல் லீவில் வாங்கிவந்த டேப் ரெக்கார்டரில் போட்டாள். கொஞ்ச நேரம் கொரகொரவென்று சத்தம். பிறகு இருசப்பனின் சொந்தக் குரல் அறையை நிறைத்தது.

"...எல்லாரும் சௌக்கியமா? பொண்ணு பெரியவளாயிட்டான்னு கேட்டு ரொம்ப சந்தோசம். ரேணுகா, இனிமே ஜாக்கிரதையா இரு. இங்க ஒருத்தரு பொண்ணு எவன் கூடவோ ஓடிப்போயி, அந்தாளு நாலு நாளா சோறு தின்னல. நான் இல்லாத வீடு. இனி பொன்னி வாசப்படி தாண்டக் கூடாது. அண்ணா, உன்ன நம்பித்தான் உட்டுட்டு வந்துக்கிறேன், நீதான் பாத்துக்கணும். பொன்னிம்மா, நீ நல்லா படிக்கணும். பாடம் வாசிச்சி அனுப்பு..."

பொன்னி அணைத்தாள்.

இருசப்பனுக்கு அந்த ராத்திரி இப்போதுதான் ஞாபகம் வந்தது. கேம்ப் முழுக்க அந்த ஓடிப்போன பெண்ணைப் பற்றியே பேச்சு. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, மறுநாள் வேலைக்குப் போய்விட்டான். வாசப்படி தாண்டாமல் எந்தப் பெண் பள்ளிக்கூடம் போக முடியும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் மறந்த வார்த்தை இங்கே சட்டமாகிவிட்டது.

"குடும்பமே உக்காந்து கேட்டோம்டா" என்றார் ஆதிமூலம். "உன் வார்த்தைய மீற நான் யாரு? நீ சொன்னதுதானேன்னு உனக்குத் தனியா எழுதல; பாடம் கேட்டியேன்னு அவ இருந்த புஸ்தகத்தையே வாசிச்சா. அழிஞ்சிடக் கூடாதுன்னு அந்தக் கேசட்டோட பின்பக்க பிளாஸ்டிக்க நான்தான் ஒடச்சி வெச்சேன். ஒடச்சிட்டா அதும்மேல ரெக்கார்டு ஆவாது."

"நான் சொன்னது அந்த அர்த்தத்துல இல்ல அண்ணா." அவன் குரல் இறங்கிவிட்டது. "பொன்னி, ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்ததும் போம்மா. அப்பா சொல்றேன்."

"ஜூன்ல நீங்க எங்க இருப்பீங்க?"

இருசப்பன் விரலை மடக்கி எண்ணினான். பத்து நாளில் இரண்டு நாள் வழியிலேயே போய்விட்டது.

"நீங்க போனதும் அவங்கவங்க ஞாபகத்துல இருக்கறதுதான் நடக்கும்" என்றாள் பொன்னி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு மாமரப் படம் போட்ட காலண்டருக்குக் கீழே இருந்த டப்பாவைத் திறந்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்தாள். கேசட்டின் முதுகில் பெரியப்பா உடைத்த ஓட்டையின் மேல் அதை வைத்து, நகத்தால் அழுத்தி ஒட்டினாள். எட்டு வருஷமாக மாசாமாசம் கேசட் அனுப்பியவளுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன.

"இன்னாம்மா பண்றே?" என்றார் ஆதிமூலம்.

பொன்னி கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றினாள். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பன் எதிரில் வைத்தாள். சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஓட்டை அடைபட்டதால் அது அமுங்கியது.

"சொல்லுங்கப்பா."

வெளியே கூட்டம் "அண்ணாமலைக்கு அரோகரா" என்று போய்க்கொண்டிருந்தது. இருசப்பன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். எட்டு வருஷமாக எட்டுப் பேர் நடுவில் கூச்சமில்லாமல் டேப்பில் பேசியவனுக்கு, மகளுக்கு எதிரில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"எல்லாரும் சௌக்கியமா? நான் இருசப்பன் பேசறேன். பொன்னி நல்லா படிக்கணும். அதான் என் ஆசை..."

டக்கென்று பொத்தானை நிறுத்தினாள் பொன்னி. நாடாவைப் பின்னுக்குச் சுற்றினாள். மறுபடியும் சிவப்புப் பொத்தானில் விரலை வைத்தாள்.

"இது போன தடவையும் சொன்னீங்கப்பா. இந்தத் தடவை பள்ளிக்கூடம்னு பேரச் சொல்லுங்க."