நடுவுல ஒரு இடம்

ஜோடியைப் பிரித்து வைப்பது ஜீவாவுக்கு ஆகவே ஆகாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஜோடி சேர்க்கிற பேரிங் டேபிளில் நிற்பவன் அவன். தைத்து, ஒட்டி, பளபளப்பேற்றி வருகிற ஷூக்களில் இடதுக்கு ஏற்ற வலதைத் தேடிப் பிடித்து, தோலின் நிறமும் ரேகையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்து அனுப்புவது அவன் வேலை. அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. வந்தவர்கள் கழற்றிப் போட்ட செருப்பு திசைக்கொன்றாகக் கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. எழுந்து போய்ச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் மறுவாய் சாப்பிடுவான்.

எதிர் மேஜையில் பெட்டி மடிப்பவன் ஆமிர். பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் தோஸ்த். ஆமிருக்கு இடக்கைப் பழக்கம் என்பதால் கம்பெனியில் அவனுக்கு ‘எடது’ என்றும் ஜீவாவுக்கு ‘வலது’ என்றும் பெயர் விழுந்துவிட்டது. எடது ஒருநாள் வரவில்லையென்றால் சூப்பர்வைசர் வலதைத் தேடுவதில்லை. எப்படியும் அதுவும் வந்திருக்காது.

வேலை முடிந்தால் ஆமிர் வீட்டு மாடியறைதான் கதி. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் ஒரு துப்பாக்கிச் சண்டை கேம். ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஜீவா கீபோர்டில் ஆளை ஓட்ட, ஆமிர் இடக்கையில் மவுஸைப் பிடித்துச் சுடுவான். ஓர் ஆளை இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற கூத்தை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. இரண்டு பேரும் அதைப் பெருமையாகவே நினைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஆமிர்தான் ஒருநாள் பெட்டி மடித்துக்கொண்டே சொன்னான். “மஸ்கட்ல அக்கா வூட்டுக்காரரு கடையில வேல சொல்லியிருக்காரு. விசா வந்துடும் போலக்கீது.”

“நல்லது” என்றான் ஜீவா. வேறென்ன சொல்வது? ஆனால் அன்று மாலை ஒரு பெட்டி திரும்பி வந்தது. உள்ளே இரண்டும் இடது.

“நீயும் ஒரு சிஸ்டம் எடு. அங்கேர்ந்து நான் லேப்டாப்ல வர்றேன், இங்க நீ. நெட்ல ஒண்ணா ஆடலாம்” என்றான் ஆமிர். யோசனை ஜீவாவுக்கும் பிடித்தது. போனஸ் பணத்தை அதற்கென்று ஒதுக்கியும் வைத்துவிட்டான். ஆனால் அதற்கப்புறம்தான் சண்டையே ஆரம்பித்தது: பிராண்டடா, அசெம்பிள்டா?

“கம்பெனிக்காரன் பேருக்கும் டப்பாவுக்கும் காசு வாங்கினு, உள்ள கம்மியா போட்ருப்பான். நாமே பார்ட்ஸ் வாங்கிக் கட்னா கிராஃபிக்ஸ் கார்டு நல்லதா போட்லாம். நாளைக்கி வேணும்னா மாத்திக்கலாம்” என்பது ஆமிர் கட்சி.

“கெட்டுப்போனா? பிராண்டட்னா வாரண்டி கீது, ஒரு போன் போட்டா ஆள் வருவான். கட்டிக்குடுத்துட்டு நீ போய்டுவ. நான் யாரக் கேக்கறது?” என்பது ஜீவா கட்சி.

கடைசி வாக்கியத்தில் கம்ப்யூட்டரை விட வேறு விஷயம்தான் ஜாஸ்தி இருந்தது. அது இருவருக்கும் தெரியும், இருவரும் தெரியாதது போலவே இருந்தார்கள். போகப்போகிறவனுக்கு இதில் என்ன இத்தனை பிடிவாதம் என்று ஜீவாவுக்கு உள்ளூரப் பொருமல். போகிற போக்கில் நம் தலையில் ஒரு தொல்லையைக் கட்டிவிட்டுப் போகப் பார்க்கிறானே!

ஜீவாவின் அம்மா செல்லம்மாள் மகன் பக்கம். “ரெடிமேட் சட்ட போட்டுக்கினா ஒடம்பு இன்னா கொறஞ்சா போய்டும்? வாங்கியாந்து வெச்சா வேல முடிஞ்சிது” என்றாள். ஆமிர் அவள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, “அம்மா, நீங்க மட்டும் எதுக்குக் கடையில இட்லி வாங்காம மாவாட்டறீங்க?” என்று கேட்டான். அவள் டீயோடு கூட ஒரு முறுக்கு வைத்தாள்.

சத்துவாச்சாரியில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்கு இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். ரெடிமேட் கம்ப்யூட்டர் ஒன்று கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி சிவப்பும் நீலமுமாய் மினுக்கிக்கொண்டு நின்றது. ஜீவாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

“தொறந்து காட்டுங்க, உள்ள பாக்கணும்” என்றான் ஜீவா.

“சீல் ஒடச்சா வாரண்டி பூடும் சார்” என்றார் கடைக்காரர்.

நாள் முழுக்க ஒவ்வொரு ஷூவையும் புரட்டிப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவனுக்குத் திறக்கக் கூடாத பெட்டி என்றால் எப்படியிருக்கும்? அவன் ஆமிரைத் திரும்பிப் பார்த்தான். ஆமிரோ, அலமாரியில் அடுக்கியிருந்த மதர்போர்டு டப்பாக்களைப் பந்தியில் இலைக்குக் காத்திருப்பவன்போலப் பார்த்துக்கொண்டு நின்றான். கட்டுவதென்றால் இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவனோடு உட்காரலாம் என்று ஜீவாவுக்குத் தோன்றியது. வாங்கினால் இன்றோடு சரி.

“அசெம்பிளே பண்லாம்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஜீவா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, எல்லா டப்பாவையும் பரப்பினார்கள். செல்லம்மாள் குங்குமச் சிமிழோடு தயாராக நின்றாள். “உள்ள வேணாம்மா, வெளிய கண்ணாடி மேல வைங்க” என்று ஆமிர் இடம் காட்டினான். அதோடு சரி, அவன் கையை வைக்கவேயில்லை. பாயின் ஓரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, “நீ மாட்டு, நான் சொல்றேன்” என்றான். பிராசசரை வைத்ததும் ஜீவாதான், காத்தாடியைத் திருகியதும் ஜீவாதான், கிராஃபிக்ஸ் கார்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தியதும் ஜீவாதான். ஒவ்வொன்றும் ‘டிக்’ என்று உட்காரும்போது ஆமிர், “அவ்ளோதான்டா” என்பான். முன்னே பின்னே சமைக்காதவன் வைத்த குழம்பு ருசித்துவிட்டால் வருமே ஒரு சந்தோஷம், அது ஜீவாவின் முகத்தில் இருந்தது.

பாதியில் ஆமிருக்கு போன் வந்தது. டிக்கெட் விஷயமாய் ஏஜென்ட் உடனே வரச் சொல்கிறார். “மெமரி ரெண்டு கீது பாரு, அத மாட்டிட்டு ஒயர குடுத்துட்டு ஆன் பண்ணு. நான் வந்துர்றேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

மெமரி இரண்டு சின்னப் பட்டைகளாக ஒரே அட்டையில் அருகருகே, அளவிலும் நிறத்திலும் துளி வித்தியாசமில்லாமல் வந்திருந்தது. பார்த்ததும் ஜீவாவுக்குப் பழகிய வேலை மாதிரி இருந்தது. ஜோடி! போர்டில் நான்கு பள்ளங்கள் இருந்தன. போர்டோடு வந்த புத்தகத்தைப் புரட்டுவானேன்? முதல் இரண்டில் ஒட்டினாற்போல் அழுத்தி, கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தும்விட்டான். பிறகு ஸ்விட்சைப் போட்டான்.

காத்தாடிகள் சுற்றின. விளக்குகள் எரிந்தன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அணைத்துப் போட்டான். ஒயர்களைப் பிடுங்கி மறுபடி செருகினான். அதே கறுப்பு. “லைட்டுதான் எரியுதே, அப்புறம் இன்னா?” என்றாள் செல்லம்மாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனஸ் மொத்தமும் பாயில் கிடக்கிறது. கடையில் வாங்கியிருந்தால் இந்நேரம் கடைக்காரன் வாசலில் வந்து நின்றிருப்பான். பயந்தது போலவே ஆகிவிட்டது: கெட்டுப்போயிற்று, பக்கத்தில் ஆமிர் இல்லை. உள்ளூரில் இருக்கும்போதே இந்தக் கதி. கடல் தாண்டிப் போன பிறகு?

கூப்பிடக் கூடாது என்றுதான் முதலில் இருந்தான். ரோஷம் கொஞ்ச நேரம்தான் தாங்கியது. வீடியோவில் கூப்பிட்டு, கேமராவைப் பெட்டிக்குள் காட்டினான்.

ஏஜென்ட் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆமிர் உற்றுப் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

“டேய், பேரிங் டேபிள்லயே பொறந்தவனே! ஜோடி சேத்துட்டியா?”

“ஜோடிதானடா அது?”

“ஜோடிதான். ஆனா ஷூ இல்லடா இது. ரெண்டுக்கும் தனித்தனி வழி. ஒட்டி வெச்சா ரெண்டும் ஒரே வழியில முட்டிக்கும். நடுவுல ஒரு இடம் வுட்டு வையி. ரெண்டாவது பள்ளத்துல ஒண்ணு, நாலாவதுல ஒண்ணு. அப்பதான் ஜோடியா ஓடும்.”

ஜீவா ஒயரைப் பிடுங்கிவிட்டு மெமரியைக் கழற்றினான். நடுவில் ஒரு பள்ளத்தைக் காலியாக விட்டு மாட்டும்போது அவன் கைக்கு அது தப்பான வேலையாகவே பட்டது. மறுபடி ஸ்விட்சைப் போட்டான். திரை கொஞ்சம் தயங்கி, பிறகு வெளிச்சமானது. வெள்ளை எழுத்துகள் ஓடின.

“வந்துச்சுடா! வந்துச்சு!”

“எனக்கும் டிக்கெட் வந்துச்சு” என்று ஆமிர் கையிலிருந்த தாளைக் காட்டினான்.

ஜீவா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான். “ரெடிமேடா வாங்க வுட்ருக்கலாம்ல? எதுக்குடா இவ்ளோ பேஜாரு?”

ஆமிர் சிரிப்பதை நிறுத்திவிட்டான். “கடையில வாங்கியிருந்தா, கெட்டுப்போனா கடைக்காரனக் கூப்டுவ. இப்ப என்னத்தான கூப்டணும்?” என்றான். பிறகு பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “அங்க போனப்புறம் யாருடா என்னக் கூப்டப்போறாங்க?” என்று கேட்டான்.

இத்தனை நாளாய் யாரைக் கேட்பது என்று தன் கவலையையே பெரிதாகப் பிடித்துக்கொண்டு நின்றோமே என்று ஜீவாவுக்குச் சுரீரென்றது. ஆமிரின் பிடிவாதத்துக்குள் இருந்தது இவ்வளவுதான். இப்படி ஒருத்தன் தனக்கு தோஸ்தாக வாய்த்ததற்கு எந்தச் சாமிக்கு என்ன செய்தால் தகும் என்று தெரியவில்லை. “தேங்க்ஸ்டா” என்று வாய் வரைக்கும் வந்தது. “ச்சீ, போனை வை” என்று திட்டுவான் என்பதால் விழுங்கிக்கொண்டான்.

ஆமிர் போய் நாளாகிவிட்டது. கம்பெனியில் வலது மட்டும் தவறாமல் வேலைக்கு வருகிறது என்று சூப்பர்வைசரே ஆச்சரியப்படுகிறார். வெள்ளிக்கிழமை ஆமிருக்கு லீவு. ஜீவா வேலை விட்டு வந்ததும் வராததுமாய் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். இப்போது ஆளுக்கொரு ஆளாக, தனித்தனியாக ஓடுகிறார்கள். சுடவும் ஜீவா கற்றுக்கொண்டான். எல்லாம் நன்றாகத்தான் போகிறது, ஒரே ஒரு குறையைத் தவிர. அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர் கெட்டே போக மாட்டேன் என்கிறது. இருவரும் அத்தனை சுத்தமாய்க் கட்டிவிட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஆமிர் வழக்கம்போலக் கேட்டான். “இன்னா, இந்த வாரம் இன்னா கம்ப்ளைண்ட்டு?”

ஜீவா பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். கண்ணாடி மேல் அம்மா வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. உள்ளே எல்லாம் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“காத்தாடி லேசா சத்தம் போடறாப்ல கீதுடா” என்றான்.

“அப்டியா?” என்றான் ஆமிர் சந்தோஷமாக. “போனை வெச்சிறாத. கேமராவக் காட்டு, பாக்கலாம்.”