மாதாவின் முகத்தில் எண்ணெய்

அந்த மழைக்காலத்தில் ரொக்கசோர்பா ஊர் நிற்கும் குன்றின் விளிம்பு மறுபடியும் சரிந்தது. மாதா கோயிலின் பின்தோட்டம் அப்படியே பள்ளத்தாக்கில் போய் விழுந்தது. கோயிலும் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். சுவரில் தீட்டியிருந்த மாதாவை உரித்தெடுத்து நகரத்து அருங்காட்சியகத்தில் வைக்க உத்தரவு வந்தது.

கோயில் சாவி எர்சீலியாவிடம் இருந்தது. புருஷன் மண்ணுக்குள் போய்விட்டான். மகன் பெல்ஜியத்துச் சுரங்கத்துக்குப் போய்விட்டான். அவளுக்கென்று மிஞ்சியது அந்த மாதாதான். அவளையும் விட்டுக்கொடுக்க எர்சீலியா தயாராக இல்லை.

ஓவியம் உரிக்க வந்தவர் தெபால்தோ. கொதிக்கும் வச்சிரப் பசையை ஓவியத்தின்மேல் பூசித் துணி ஒட்டுவார். காய்ந்ததும் இழுத்தால் வண்ணம் தோல்போலத் துணியோடு வந்துவிடும்.

"அம்மா, இந்தச் சுவத்துல எப்பவாச்சும் மெழுகு, எண்ணெய் ஏதாவது தடவினதுண்டா? மறைக்காம சொல்லுங்க."

"ஐயோ, கிடையாதுங்க. தூசி தட்டுவோம், அவ்வளவுதான்."

பச்சைப் பொய். ஆகஸ்ட் திருவிழாவுக்கு முந்தின நாள், கதவைச் சாத்திக்கொண்டு, ஆலிவ் எண்ணெயில் நனைத்த கம்பளித் துணியால் மாதாவின் முகத்தைத் துடைப்பது சாவிக்காரப் பெண்களின் வழக்கம். பாதிரியாருக்குக்கூடச் சொல்வதில்லை. மறுநாள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த முகம் அழுது ஓய்ந்ததுபோல் மினுங்கும். ஊரே உருகிப்போகும்.

எண்ணெய் பட்ட இடத்தில் ஒட்டு பிடிக்காது. பிடிக்காவிட்டால் மனிதர் சலித்துப்போய் மூட்டை கட்டிவிடுவார். மாதா இங்கேயே இருப்பாள். எர்சீலியா போட்ட கணக்கு அதுதான்.

துணியைக் காயவைக்கக் கரி மூட்டையோடு வந்தான் கழுதைக்கார ஒரேஸ்தே.

"என்னக்கா, மூஞ்சி இப்படித் தொங்கிப்போச்சு? மாதாவுக்கு நகரத்துல வேலை கெடச்சிருக்கு. நம்ம பசங்கள அனுப்பின மாதிரி கையசைச்சு அனுப்பி வை."

"போடா. உன் கழுதை உன்னவிட நல்லாப் பேசும்."

"அது வாயே தொறக்காதுக்கா. அதான் அதுக்கு வேளாவேளைக்குத் தீனி கெடைக்குது!"

அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. கணப்பின் சூட்டில் துணி விறைத்துக்கொண்டே வந்தது. இப்போதாவது சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

தெபால்தோ கீழ்மூலையைப் பிடித்து இழுத்தார். சுவர் கிழிகிற சத்தம். நீல அங்கி வந்தது. குழந்தை வந்தது. கை வந்தது. எர்சீலியா ஓரடி முன்னே வந்தாள். எல்லாம் வருகிறதே!

கழுத்துக்கு மேல் துணி வழுக்கியது. சட்டென்று நிறுத்தினார். தாமதமாகிவிட்டது. பாதி நெற்றி துணியில், ஒரு கண் சுவரில். மீதி செதில் செதிலாகத் தரையில் உதிர்ந்தது.

சுவரை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார் தெபால்தோ.

"எண்ணெய்."

எர்சீலியா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முகத்த மட்டும் சுவரோட சேத்து அறுத்து எடுத்திருப்பேனே அம்மா. ஏன் சொல்லல?"

"ஒட்டலேன்னா விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு நெனச்சேன்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் துணியை உருளையில் சுற்றினார். சுவரில் ஒட்டியிருந்த கண்ணைத் தூரிகையால் காப்பாற்றப் பார்த்தார். அதுவும் பொடியாகிக் கொட்டியது.

வெளியே பெண்கள் கறுப்பு முக்காட்டோடு தூறலில் காத்திருந்தார்கள். உருளை கழுதைமேல் ஏறியதும் மண்டியிட்டார்கள். ஒருத்தி எர்சீலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியாப் பாத்தவ நீதான். முகம் எப்படியடி இருந்துச்சு?"

தெபால்தோ திரும்பிப் பார்த்தார். பிறகு கழுதையின் பின்னால் நடந்தார்.

"நல்லா இருந்துச்சு," என்றாள் எர்சீலியா. "சிரிச்ச முகமாத்தான் போறா."

பெண்கள் பாடிக்கொண்டே ஊர்வாசல்வரை போனார்கள். அவர்கள் திரும்பி உள்ளே வந்து பார்த்துவிடாதபடி அவள் கோயிலைப் பூட்டினாள்.