நன்றி சொல்ல வேண்டாத விடுப்பு

மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மொத்தமாகத் துவைத்து மடித்து அனுப்பும் சலவைக்கூடம் அது. விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். மூன்றாவது மேஜையில் ஒரு முனை நெட்டையனுக்கு, எதிர்முனை அக்காவுக்கு. வயதில்தான் அவள் அக்கா, வாயில் எல்லோருக்கும் மாமியார்.

நெட்டையனின் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து அங்கே ஒரு ஏற்பாடு நடந்துவந்தது. அவளுக்கு முடியாமல் போகும்போதெல்லாம் அவன் தன் வேலைத்தொப்பியை மேஜையோரத்து ஆணியில் மாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடிவிடுவான். தொப்பி தொங்கினால் ஆள் கழிப்பறைக்குப் போயிருக்கிறான் என்று கணக்கு. சூப்பர்வைசர் கண்டும் காணாததுபோல் நகர்ந்துவிடுவார். பக்கத்து மேஜைக்காரர்கள் மாறி மாறி வந்து அவன் முனையைப் பிடிப்பார்கள்.

தங்கமான மனிதர்கள்தான், யார் இல்லையென்றது? ஆனால் தினமும் தங்கத்தைச் சுமந்தாலும் தோள் வலிக்கும். யாராவது சப்பை ஜோக் அடித்தால் அவன்தான் முதலில் சிரிக்க வேண்டியிருந்தது. யார் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டாலும் தலையாட்ட வேண்டியிருந்தது. அப்படித் தலையாட்டித்தான், எவனுடைய மச்சானோ வீடு மாற்றுகிறான் என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தான். அன்றைக்குப் பார்த்து வீட்டில் மனைவி குளியலறையில் விழுந்தாள். சுவரைப் பிடித்துத் தானே எழுந்து, தானே படுத்துக்கொண்டாள். திரும்பி வந்தவனிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அலுவலகப் படியேறி, மனைவியின் நிலையைச் சொல்லி விடுப்பு கேட்டான். அங்கிருந்த அம்மா கணினியைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"வீட்ல உடம்பு முடியாதவங்களப் பாத்துக்க லீவு இருக்கே. வேலை போகாது, திரும்பி வந்தா அதே மேஜைதான். நீங்க ஒரு நாள் கூட எடுக்கலையே? வீட்ல எல்லாரும் சௌக்கியம்னுல்ல நெனச்சோம்!"

பாவம், அவர் என்ன செய்வார்? தொப்பி ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருந்ததே.

விஷயம் கூடத்துக்குத் தெரிந்ததும் அக்கா விரிப்பை மேஜைமேல் விட்டெறிந்தாள்.

"ஏன்டா, நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்? ஆபீஸ்ல போய்க் கையேந்துற?"

"ஏந்தலக்கா. அங்க கேட்டேன், குடுத்தாங்க. உங்ககிட்டதான் ஏந்திக்கிட்டே இருந்தேன்."

அக்கா விட்டெறிந்த விரிப்பை எடுத்து, இரண்டு பேர் மடிக்க வேண்டியதைத் தனியாகவே மடிக்கத் தொடங்கினாள். அவளுடைய கோபத்திலும் பாசம்தான் இருந்தது என்பது அவனுக்குத் தெரியாதா?

விடுப்பின் முதல் காலை. மனைவிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இன்னிக்கு உங்க முனைய யார் பிடிக்கிறாங்க?" என்றாள்.

"தெரியல. அத ஆபீஸ் பாத்துக்கும்."

"யாராவது கூப்பிட்டா ஓடணுமா?"

"வேணாம்."

அவள் பார்வை கீழே இறங்கி அவன் கால்களில் நின்றது. நோய் வந்த நாளிலிருந்து, எந்த நேரமும் ஓடத் தயாராக, அவன் ஷூவோடுதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அப்போ அதக் கழட்டிட்டு உக்காருங்க" என்றாள்.