மாத்திக்கலாம்

மகன் கம்ப்யூட்டரின் பொத்தானை மறுபடியும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சும்மா" என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். முன்பக்கம், அவருடைய ரிப்பேர் கடையின் பெஞ்சில், அப்பா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

"தள்ளு."

பொத்தான் எப்போதோ உடைந்துவிட்டது. அம்மா கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்துத் தகரத்தைக் கழற்றினாள். உள்ளே துருத்திக்கொண்டிருந்த இரண்டு ஊசிகளைத் திருப்புளி நுனியால் சேர்த்துத் தொட்டாள். விசிறி இருமிக்கொண்டே சுற்றியது. தலைமாட்டில் வைக்க அவர் படம் வேண்டும். அது இதற்குள்தான் இருந்தது.

"தூக்கிப் போடச் சொல்லி எத்தனை தரம் சொன்னேன்," என்றான் மகன்.

"நீ சொல்றப்பல்லாம் ஏதாவது ஒண்ணை மாத்துவாரு."

தெருவில் அவருக்குப் பெயரே 'மாத்திக்கலாம்'தான். மெமரி போனால் மெமரி, டிஸ்க் போனால் டிஸ்க். முதலில் வாங்கியதில் மிச்சம் அந்தத் தகரம் மட்டும். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்கும் அதே வைத்தியம்தான். வேறு வீடு பார்க்கலாம் என்பாள் அம்மா. புழுக்கமா, மின்விசிறியை மாற்றினார். இருட்டா, பல்பை மாற்றினார். மூச்சு முட்டுகிறது, ஒரு ஜன்னலாவது வையுங்கள் என்று அழுதபோது சுவரில் ஓட்டை போட்டு, கம்ப்யூட்டருக்குள் வைக்கும் உள்ளங்கையளவு விசிறியைப் பதித்தார். அதன் இறக்கைகளுக்கு நடுவே வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது.

"எல்லாத்தையும் மாத்தினான்," முன்பக்கக் கடையில் பெரியப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "நெஞ்சுக்கு மட்டும் பார்ட்ஸ் கிடைக்கல பாரு."

மகன் படத்தைத் தன் புது லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டான். "எல்லாம் முடிஞ்சதும் என்கூட வந்துரும்மா. பதினாலாவது மாடி. தூசி கிடையாது, சத்தம் கிடையாது."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஜன்னல் இருக்கா?"

"ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிதாம்மா. ஊரே தெரியும்."

"திறக்கலாமா?"

"திறக்க வராது. எதுக்குத் திறக்கணும்? ஏசி இருக்கே."

சுவரின் குட்டி விசிறி கரகரத்தது. அவள் லேப்டாப்பைக் காட்டினாள். "இதுல ஏதாவது போனா?"

"மாத்த முடியாதும்மா. எல்லாம் ஒண்ணா ஒட்டியிருக்கும். அப்படியே புதுசு வாங்கிக்க வேண்டியதுதான்."

"டேய், வண்டி வந்துருச்சு," பெரியப்பா குரல் கொடுத்தார். மகன் எழுந்து போனான்.

அவள் லேப்டாப்பை மடியில் கவிழ்த்தாள். வழவழவென்று ஜில்லிட்டது. ஓரம் நெடுக விரலால் தடவினாள், மூலை மூலையாகத் தடவினாள். ஒரு திருகாணிகூடத் தட்டுப்படவில்லை. மறு கையில் திருப்புளி அப்படியே இருந்தது.