ஏழாவது சுற்றில் விட்டுப்போன கண்ணி

முயலக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பின்னல் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அன்று அவள் கத்தவே இல்லை. குழு மாதம் ஒருமுறை கூடும் நூலக மாடி அறையில், இரண்டு கம்பளி முயல்களை மேஜைமேல் அடுத்தடுத்து உட்காரவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஒன்று அவளுடையது. அவளுக்கு அந்தப் பெயரையே வாங்கிக் கொடுத்தது. அதன் இடது காது விறைப்பாக நிற்கும், வலது காது பாதியில் மடிந்து கண்மேல் விழும். இன்னொன்றை, அடுத்த வாரக் கண்காட்சிக்கு என்று மருந்துக்கடைப் பெண் பின்னிக் கொண்டுவந்திருந்தாள். குழுவில் சேர்ந்து மூன்றே மாதம் ஆனவள். அவள் முயலுக்கும் காது அதே இடத்தில் மடிந்திருந்தது.

குழுவில் கண்டிப்பான விதி ஒன்றே ஒன்றுதான். அடுத்தவர் யோசனையில் பின்னினால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். தன்னுடையது என்று சொல்லிக்கொள்பவருக்கு இங்கே இடமில்லை. அதை எழுதிச் சுவரில் ஒட்டிய புண்ணியவதி முயலக்காதான்.

குழுவை நடத்தும் டீச்சர் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். எண்ணாமல் எதையும் நம்பமாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு காதுகளின் பின்னல் கண்ணிகளையும் சுற்றுச் சுற்றாக எண்ணினார்.

"ஏழாவது சுத்துல பன்னெண்டு கண்ணி வரணும். ரெண்டுலயும் பதினொண்ணுதான் இருக்கு."

"அது நான் தெரியாம விட்டது டீச்சர்," என்றாள் முயலக்கா. "பக்கத்துல குழந்தை காய்ச்சல்ல முனகிக்கிட்டு இருந்துச்சு, எண்ணிக்கை தப்பிடுச்சு. என் தப்பு இவ கைக்கு எப்படி வரும்? சொல்லச் சொல்லுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த சின்னவள் அவள் கண்ணில் பட்டாள். சின்னவள் அவளுடைய ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி. பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவள். காய்ச்சலில் கிடந்தது சின்னவளின் மகள். ஊசியும் அந்தக் காய்ச்சல் நாளில் சின்னவள் கையில்தான் இருந்தது. முயலக்கா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள், பிறகு அதைப் பார்த்துத் தானும் ஒன்று பின்னினாள், அவ்வளவுதான். அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, ஊசி எப்போது தன் கைக்கு வந்தது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

டீச்சர் சின்னவள் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரே வீடுதானே. அக்கா இதப் போட்டப்போ பாத்தீங்களா?"

சின்னவள் பின்னிக்கொண்டிருந்த ஊசி நின்றது.

"ஆமா டீச்சர். அக்கா போட்டதுதான்."

மருந்துக்கடைப் பெண் எழுந்து வந்து தன் முயலைத் தலைகீழாகத் திருப்பினாள். பாதத்தில் ஒரு துணித்துண்டு. அதில் சிவப்பு நூலில் 'யோசனை: முயலக்கா' என்று தைத்திருந்தது.

"நீங்க போட்ட போட்டோவப் பெரிசு பண்ணி ஒவ்வொரு கண்ணியா எண்ணினேன். ஒண்ணு குறைஞ்சாத்தான் காது மடியுதுன்னு கண்டுபிடிக்க ஒரு மாசம் ஆச்சு. பேரையும் போட்டிருக்கேன். யாருமே திருப்பிப் பாக்கலியே!"

அறை மொத்தமும் மூச்சு விட்டது. "அப்புறம் என்ன, ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு டீ குடிக்கலாம் வாங்க," என்றார் டீச்சர். அதோடு முடித்திருக்கலாம். கெட்டிக்காரி யாராக இருந்தாலும் முடித்திருப்பாள்.

முயலக்காவின் விரல் அந்தச் சிவப்பு எழுத்தின் மேலேயே நின்றது. மூன்று மாதப் பழக்கத்தில் ஒருத்தி பெயரைத் தைத்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனக்கு ஏன் அது தோன்றவில்லை? வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"மன்னிச்சுடும்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம். பிறகு சின்னவளைக் காட்டி டீச்சரிடம், "ஆனா இந்தப் பேரு தப்பு. கண்ணிய விட்டது இவ. முயல் யோசனையும் இவளோடது. நான் பாத்துப் பின்னினேன், என்னோடதுன்னு சொல்லிக்கிட்டேன்."

டீச்சர் சுவரைப் பார்த்தார்.

"விதி எனக்குத் தெரியும் டீச்சர்," என்று முயலக்கா தன் நூலையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு வெளியேறினாள்.

படியில் இறங்கும்போது அவளுக்கு அழுகையும் வந்தது, உள்ளூர ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. பின்னாலேயே வந்த சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்காகப் பொய் சொன்னியே. அவ்வளவு பாசமாடி என்மேல?"

சின்னவள் ஒரு படி மேலேயே நின்றுவிட்டாள்.

"பாசமெல்லாம் இல்லக்கா. அஞ்சு வருஷமா அந்தக் கதைய நீங்க வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்றப்போ நான் அடுத்த ரூம்லதான் இருந்தேன். சாயங்காலம் ஒரே அடுப்படியில உங்ககூட நிக்கணும். அங்க வச்சு இல்லன்னு சொல்லிட்டு நான் எந்த வீட்டுக்குப் போறது?"

வழக்கம்போலப் பையை வாங்கக் கை நீட்டினாள். முயலக்கா கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள்.